வானில் நகரும் வெளிச்சம்: பயப்படும் முன் பார்க்க வேண்டியவை

2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை. இந்தியாவின் பல ஊர்களில் ரமலான் தலைப்பிறையைத் தேடி மக்கள் மேற்கு வானத்தைப் பார்த்த மாலை அது. அன்றே இரவு எட்டு மணியை நெருங்கும் நேரத்தில் மகாராஷ்டிரத்தின் கிழக்கு மாவட்டங்களிலும் மத்தியப் பிரதேசத்திலும் வேறொரு காட்சி தெரிந்தது. நெருப்புத் துண்டுகள் போன்ற வெளிச்சங்கள் கூட்டமாக, ஒவ்வொன்றும் ஒரு வாலை இழுத்துக்கொண்டு, வானத்தைக் குறுக்கே கடந்து போயின. கைப்பேசியில் எடுத்த காட்சிகள் சில நிமிடங்களில் நாடெங்கும் பரவின. விண்கல் மழை என்று பலர் நினைத்தார்கள். சந்திரப்பூர் மாவட்டத்தில் லாட்போரி என்ற கிராமத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று வந்து விழுந்தது. அடுத்தடுத்த நாட்களில் சுற்றுப்புறக் கிராமங்களில் உருண்டையான உலோகக் கலன்களும் கிடைத்தன.

விழுந்தது விண்கல் அல்ல. 2021 பிப்ரவரியில் சீனா ஏவிய லாங் மார்ச் 3பி ராக்கெட்டின் மூன்றாம் பகுதி அது. வேலை முடிந்து ஓராண்டுக்கு மேல் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த வெற்றுக்கூடு, அன்று காற்று மண்டலத்துக்குள் இறங்கி எரிந்தது. விண்ணில் சுற்றும் பொருட்களைக் கணக்கு வைத்துவரும் அமெரிக்க வானியலாளர் ஜொனாதன் மெக்டவல் உடனேயே இதை அடையாளம் காட்டினார். அன்று அது பூமிக்குத் திரும்பும் என்பது கண்காணிப்பாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது கீழே நின்று பார்த்தவர்களுக்குத்தான்.

இந்தப் பாடத்தின் நோக்கம் அந்த இடைவெளியைக் குறைப்பது. வானத்தில் புரியாத வெளிச்சம் ஒன்றைக் கண்டால் என்ன கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தெரிந்துகொண்டால் போதும். பெரும்பாலான புதிர்களை நாமே அவிழ்த்துவிடலாம்.

மினாராவின் உச்சியில் வெயில்

முதலில் ஓர் அடிப்படை. செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. விமானத்தில் இருப்பது போன்ற விளக்குகள் அதில் இல்லை. சூரிய ஒளி பட்டுத் திரும்புவதையே நாம் பார்க்கிறோம். அப்படியானால் இரவில் அதன் மேல் வெயில் எப்படிப் படும்?

மாலையில் தெருவில் நின்று பள்ளிவாசல் மினாராவைப் பாருங்கள். தெருவில் வெயில் போன பிறகும் மினாராவின் உச்சியில் கொஞ்ச நேரம் மஞ்சள் வெயில் நிற்கும். உயரம் கூடக் கூட வெயில் அதிக நேரம் இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் போகும் ஒரு பொருளுக்கு, நமக்கு இருட்டிய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகல் நீடிக்கும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கும்போது அந்தி வெளிச்சம் முழுவதும் மறைகிறது. இஷா நேர அட்டவணைகள் பலவும் இந்த 18 பாகையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அந்த நேரத்தில் நம் தலைக்கு நேர் மேலே பூமியின் நிழல் சுமார் 330 கி.மீ. உயரத்தை எட்டியிருக்கும். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கி.மீ. உயரத்தில். ஆகவே இஷா நேரம் தொடங்கும்போதும் அதன் மேல் வெயில் இருக்கும். இன்னும் பத்து நிமிடம் கழித்து அதையும் நிழல் தொட்டுவிடும்.

இதிலிருந்து கிடைப்பது எளிய விதி. நம் பகுதியில் செயற்கைக்கோள்கள் நன்றாகத் தெரிவது மக்ரிபுக்குப் பின் இஷாவை ஒட்டிய நேரம் வரையிலும், அதேபோல் ஃபஜ்ருக்குச் சற்று முன்னிருந்து வானம் வெளுக்கும் வரையிலும். தாழ்வாகச் சுற்றுபவை நள்ளிரவில் பூமியின் நிழலுக்குள் இருப்பதால் தெரியமாட்டா. ஆனால் லண்டனில் இருக்கும் உறவினர் ஜூன் மாத நள்ளிரவில் பார்த்ததாகச் சொன்னால் அது பொய்யில்லை. அந்த மாதத்தில் அங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிக ஆழம் இறங்குவதே இல்லை.

இனி, மக்களைத் திகைக்க வைக்கும் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நடுவானில் திடீரென்று மறைவது

ஒரு வெளிச்சம் மேற்கிலிருந்து கிளம்பி, சத்தமில்லாமல், சிமிட்டாமல், சீரான வேகத்தில் வருகிறது. உச்சி வானத்தைக் கடந்ததும் மங்கி, இருந்த இடம் தெரியாமல் போகிறது. மேகமும் இல்லை. "வந்தது எங்கே போனது?" என்ற கேள்வி எழும்.

அது எங்கும் போகவில்லை. பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. மாலையில் நிழல் கிழக்கிலிருந்து எழும்பி வருவதால், கிழக்கு நோக்கிப் போகும் செயற்கைக்கோள் பாதி வழியில் அணைந்தது போலத் தோன்றும். அதிகாலையில் இதற்கு நேர்மாறு. வெற்று வானத்தில் ஒரு வெளிச்சம் திடீரென்று முளைக்கும். அது நிழலிலிருந்து வெளியே வருகிறது.

இவற்றில் மிகப் பிரகாசமானது விண்வெளி நிலையம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 109 மீட்டர், மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகம், ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. நல்ல உயரத்தில் கடக்கும்போது எந்த நட்சத்திரத்தையும் விடப் பளிச்சென்று இருக்கும். வானத்தைக் கடக்க நான்கு முதல் ஆறு நிமிடம் எடுக்கும். 2000 நவம்பர் முதல் அங்கே மனிதர்கள் இல்லாத நாளே இல்லை. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா அங்கே தங்கியிருந்தார். அந்த நாட்களில் மாலையில் கடந்துபோன அந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள், அவர் இருந்த வீட்டைத்தான் பார்த்தார்கள்.

கோத்த மணிகள் போல வரிசையாகப் போவது

அண்மை ஆண்டுகளில் மக்களை அதிகம் குழப்பியது இதுவே. இருபது, முப்பது, சில நேரம் அதற்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகள் தஸ்பீஹ் மணிகள் போல ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஏவுகணைகள் என்றும் வேற்றுக்கிரகவாசிகள் என்றும் செய்திகள் பறக்கும்.

இவை இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏவியது. மறுநாள் இரவே அவை வரிசையாகப் போன காட்சி நெதர்லாந்தில் படமாக்கப்பட்டது. ஒரே பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டதால் முதல் சில நாட்கள் அவை நெருக்கமாகப் போகும். பிறகு ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு உயர்ந்து விலகிவிடும். ஆகவே இன்று தெரிந்த வரிசை அடுத்த வாரம் அதே வடிவில் தெரியாது. "நேற்று எல்லோரும் பார்த்தோம், இன்று காணோம்" என்பதில் மர்மம் எதுவும் இல்லை.

இப்படி ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்கள் பெருகுவதில் வேறொரு கவலை உண்டு. தொலைநோக்கி எடுக்கும் படங்களில் இவை கோடு கோடாகக் குறுக்கிடுகின்றன. வானியலாளர்கள் முறையிட்ட பிறகு, 2020இல் அந்த நிறுவனம் கறுப்புப் பூச்சையும் வெயில் மறைப்பையும் சோதித்துப் பார்த்தது. பிரச்சினை முழுவதும் தீரவில்லை. வானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்றால், வேற்றுக்கிரகவாசிகளை விட இது தகுதியான கவலை.

பளீரென்று மின்னி அடங்குவது

மங்கலாகப் போகும் புள்ளி ஒன்று சில விநாடிகள் விளக்குப் போட்டது போல மின்னி மீண்டும் மங்கும். செயற்கைக்கோளின் தட்டையான பாகம் ஒன்று கண்ணாடி போலச் சூரிய ஒளியை நம் பக்கம் திருப்புவதே காரணம். எதிர் மாடியில் யாரோ ஜன்னல் கதவைத் திறக்கும்போது நம் முகத்தில் வெயில் அடித்துப் போவதில்லையா? அதே கதைதான். 1997 முதல் ஏவப்பட்ட இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள்கள் இதற்குப் பெயர் பெற்றவை. வெள்ளி கிரகத்தை விடப் பல மடங்கு பிரகாசமாக மின்னும். 2017 முதல் 2019 வரை புதியவை அவற்றின் இடத்துக்கு வந்துவிட்டதால் அந்தக் காட்சி இப்போது அரிது.

சீரான இடைவெளியில் மின்னி மின்னிப் போனால், அது பெரும்பாலும் கட்டுப்பாடின்றி உருண்டுகொண்டே சுற்றும் பழைய ராக்கெட் கூடு.

முக்கோணமாகப் போகும் மூன்று புள்ளிகள்

மூன்று வெளிச்சங்கள் முக்கோண வடிவம் மாறாமல் சேர்ந்து நகர்வதைக் கண்டவர்கள், "ஒரு பெரிய பொருளின் மூன்று மூலைகள்" என்று சத்தியம் செய்வார்கள். அமெரிக்கக் கடற்படை கப்பல்களைக் கண்காணிக்க 1976 முதல் மூன்று மூன்றாகச் செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டது. பிறகு வந்தவை இரண்டு இரண்டாகப் பறப்பவை. சீனாவின் யாவ்கான் வரிசையிலும் 2010 முதல் இப்படி மூன்றாகப் போகும் குழுக்கள் உண்டு. மூன்றுக்கும் நடுவில் நட்சத்திரங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நடுவே பொருள் எதுவும் இல்லை, மூன்றும் தனித்தனி.

சுருள் மேகம்

2022 ஜூனில் நியூசிலாந்து வானத்தில் நீல நிறச் சுருள் ஒன்று மெல்ல விரிந்தது. ராக்கெட்டின் மேல்பகுதி, வேலை முடிந்த பின் மீதி எரிபொருளை வெளியேற்றும்போது தானும் சுழன்றால் இப்படிச் சுருள் உண்டாகும். தரை இருட்டாக இருக்க, மேலே அதன் மீது வெயில் படுவதால் ஒளிர்கிறது. 2009 டிசம்பர் 9 அன்று நார்வேயில் தெரிந்த பெரிய சுருள், ரஷ்யாவின் புலாவா ஏவுகணைச் சோதனை தோல்வியடைந்ததால் ஏற்பட்டது.

இது நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் சென்னை மாடிகளிலிருந்து தெரியும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து அந்தி நேரத்தில் ராக்கெட் கிளம்பும் நாட்களில் தென்கடற்கரை ஊர்களில் வானம் வினோதமாக ஒளிரக் கூடும். இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் அன்று பயம் இருக்காது.

செயற்கைக்கோள் அல்லாதவை

அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் பிரகாசமான வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் என்று சொல்லாதீர்கள். வானில் நிலையாக நிற்பது போலச் சுற்றும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. தொலைவில் இருப்பதால் வெறும் கண்ணுக்குப் பொதுவாகத் தெரிவதில்லை. மாலையில் மேற்கிலோ அதிகாலையில் கிழக்கிலோ தகதகவென்று நிற்பது பெரும்பாலும் வெள்ளி கிரகம். அடுத்தது வியாழன்.

"இல்லை, அது அங்குமிங்கும் ஆடியது" என்பார்கள் சிலர். அவர்களும் பொய் சொல்லவில்லை. இருட்டில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால், அது அசைவது போல நம் கண் நமக்குக் காட்டும். ஒரு சுவரிலோ கம்பத்திலோ சாய்ந்து நின்று, அதன் ஓரத்தை ஒட்டி அந்தப் புள்ளியைப் பாருங்கள். அசைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சிவப்பு, பச்சை விளக்குகளோ விட்டுவிட்டுச் சிமிட்டும் வெள்ளை விளக்கோ இருந்தால் விமானம், அல்லது டிரோன். ஓரிரு விநாடியில் கோடு கிழித்து மறைந்தால் எரிநட்சத்திரம். விண்ணிலிருந்து வரும் கற்துகள் விநாடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் வருவதால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். சந்திரப்பூரில் தெரிந்தது போன்ற ராக்கெட் துண்டுகள் விநாடிக்கு எட்டு கி.மீ.க்கும் குறைவான வேகத்தில் சாய்வாக இறங்குகின்றன. அதனால் வானத்தில் ஊர்வது போலத் தோன்றி, பல துண்டுகளாக உடைந்து, ஒரு நிமிடம் வரைகூடத் தெரியும். விண்கல்லையும் விண்குப்பையையும் பிரித்தறிய இந்த நேர வித்தியாசமே முதல் அடையாளம்.

பிறை பார்க்கும் மாலைகளிலும் இந்த அறிவு உதவும். சூரியன் மறைந்த சற்று நேரத்தில் மேற்கில் தெரியும் குட்டையான விமானப் புகைக்கோடு, வெயில் பட்டுச் சிவந்து, பிறை போல ஏமாற்றும். இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நகர்ந்தாலோ கலைந்தாலோ அது பிறை அல்ல. பிறையின் ஒளிரும் வளைவு எப்போதும் சூரியன் மறைந்த பக்கம் நோக்கியே இருக்கும்.

சரிபார்ப்பது எப்படி?

வெளிச்சத்தைக் கண்டதும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கடிகார நேரம், நிமிடம் உட்பட. இரண்டு, எந்தத் திசையில் தோன்றி எந்தத் திசைக்குப் போனது. மூன்று, எத்தனை விநாடி அல்லது நிமிடம் தெரிந்தது. நான்கு, சிமிட்டியதா, நிறம் மாறியதா, சத்தம் கேட்டதா.

பிறகு ஹெவன்ஸ் அபோவ் என்ற இணையதளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்தால், அன்று எந்தச் செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் கடந்தது என்ற பட்டியல் கிடைக்கும். விண்வெளி நிலையத்துக்கு மட்டும் நாசாவின் ஸ்பாட் தி ஸ்டேஷன் சேவை இருக்கிறது. கிரகங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் போதும். நேரமும் திசையும் பொருந்தினால் விடை கிடைத்துவிட்டது. பொருந்தாவிட்டால், "என்னவென்று இன்னும் தெரியவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை. தெரியாத இடத்தைப் பயத்தால் நிரப்புவதுதான் தவறு.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபோது, உலகெங்கும் மக்கள் அதை வானத்தில் பார்த்ததாக மகிழ்ந்தார்கள். உண்மையில் அந்த 58 செ.மீ. உருண்டை வெறும் கண்ணுக்குத் தெரிவது மிகக் கடினம். பெரும்பாலோர் பார்த்தது அதன் கூடவே சுற்றிய பெரிய ராக்கெட் கூட்டை. கண் பார்த்தது சரி, மனம் வைத்த பெயர் தவறு. இன்றைய குழப்பங்களும் பெரும்பாலும் இந்த வகைதான்.

விழுந்த பொருளைத் தொடாதீர்கள்

செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்தை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் கட்டுப்பாடின்றி விழும் ராக்கெட் எங்கே விழும் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. மேல் காற்றின் அடர்த்தி மாறிக்கொண்டே இருப்பதால் கணக்கில் ஒரு மணி நேரம் பிசகினால், இடம் ஏறத்தாழ 28,000 கி.மீ. மாறிவிடும். அதனால்தான் சந்திரப்பூர் மக்களுக்கு முன்னறிவிப்பு ஏதும் கிடைக்கவில்லை.

விழுந்த கலனில் நச்சு எரிபொருளின் மிச்சம் இருக்கலாம். 1978 ஜனவரி 24 அன்று சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் விழுந்து, கதிரியக்கத் துண்டுகள் பரந்த நிலப்பரப்பில் சிதறின. தேடி அகற்றிய செலவுக்காகச் சோவியத் அரசு பின்னர் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது. ஏவிய நாடே சேதத்துக்குப் பொறுப்பு என்று 1972ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே விழுந்த பொருளை உருட்டிப் பார்க்கவோ, பழைய இரும்புக்குப் போடவோ, அருகில் நின்று படம் எடுக்கவோ வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் ஒரு நிமிடம்

இரவு பத்து மணிக்கு மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் "வானத்தில் ஏவுகணை, யாரும் வெளியே வராதீர்கள்" என்று ஒரு குரல் பதிவு வந்தால், யார் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக இருக்கும் மூதாட்டி தூங்கமாட்டார். பிள்ளைகள் தாயைக் கட்டிக்கொண்டு அழும். வளைகுடாவில் இருக்கும் மகன் பதறிப்போய்த் தொடர்ந்து அழைப்பான். காலையில் அது ஸ்டார்லிங்க் என்று தெரிய வரும்போது, அனுப்பியவர் அதை மறந்திருப்பார். கேட்டதையெல்லாம் பரப்பாமல் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அல்லவே.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றுக்குப் பிள்ளைகளை விடை சொல்லச் சொல்லுங்கள்.

1. ஃபஜ்ருக்குச் சற்று முன் தெளிவான வானத்தின் நடுவில் ஒரு வெளிச்சம் திடீரென்று தோன்றி, சீராகக் கிழக்கு நோக்கிப் போகிறது. என்ன காரணம்?
2. மாலை ஏழு மணி முதல் ஒரு மணி நேரமாக மேற்கில் பெரிய வெளிச்சம் நிற்கிறது. மெல்லத் தாழ்ந்துகொண்டே வருகிறது. அது என்னவாக இருக்கலாம்?
3. நெருப்புத் துண்டுகள் கூட்டமாக நாற்பது விநாடி ஊர்ந்து போகின்றன. எரிநட்சத்திரமா?

விடைகள்: 1. செயற்கைக்கோள் பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கு வருகிறது. 2. பெரும்பாலும் வெள்ளி கிரகம். நட்சத்திரங்களைப் போல அதுவும் மேற்கில் மறைகிறது. 3. எரிநட்சத்திரம் இவ்வளவு நேரம் நீடிக்காது. காற்றில் எரியும் ராக்கெட் அல்லது செயற்கைக்கோள் துண்டுகளாக இருக்கலாம்.

இந்த வாரம் வானம் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில், விண்வெளி நிலையம் உங்கள் ஊரைக் கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவைத்து, குடும்பத்தோடு மாடிக்குப் போங்கள். குறித்த நிமிடத்தில், குறித்த திசையில் அது வருவதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். அடுத்த முறை யாராவது வானத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், "மணி என்ன, எந்தத் திசை?" என்று அவர்களே கேட்பார்கள்.